மடிச் சோதனை

புதுச்சேரி உப்பளத்தில் பழைய குடும்பங்களோடு பேசிக்கொண்டிருந்தால் கப்பல் கதை வராமல் போகாது. ஒரு வீட்டில் சைகோனுக்குப் போன தாத்தா. இன்னொரு வீட்டில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, தான் செத்த பிறகும் மனைவிக்குப் பென்ஷன் வரும்படி செய்துவிட்டுப் போனவர். ரெயூனியனில் பெயரும் மதமும் மாறிப்போன ஒரு கிளை. குவாதலூப், மார்த்தினிக் என்று கரும்புத் தோட்டத் தீவுகளின் பெயர்களும் வரும். ஏறக்குறைய எவர் வாயிலும் வராத பெயர் ஒன்று உண்டு. அது தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கிடக்கும் பிரெஞ்சு கயானா. 1850-களின் நடுவிலிருந்து 1877 வரை 8,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட துறைகளில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. போனவர்களில் தமிழர்கள் ஏராளம். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் அளவுக்கு ஆட்கள் மிஞ்சவில்லை, அதனால்தான் அந்தப் பெயர் நம்மிடம் தங்கவில்லை என்று நினைக்கிறேன்.

இன்றைய துறைமுகம் உப்பளத்தை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அன்று அப்படி ஒன்று கிடையாது. கப்பல்கள் நகருக்கு நேரே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் சலங்கில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் மேஸ்திரிகள் ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. பஞ்ச காலத்தில் ஆள் பிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை.

1848-இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1855-இல் கயானாவின் அப்ருவாக் ஆற்றின் கிளையாறு ஒன்றில் தங்கம் அகப்பட்டது. இரண்டே ஆண்டில் அப்ருவாக் நிறுவனம் என்று ஒன்று தொடங்கப்பட்டு, அரசிடமிருந்து 2,00,000 ஹெக்டேர் நிலத்துக்கு உரிமை பெற்றது. பெயரில் விவசாயமும் இருந்தது, தங்கமும் இருந்தது. தோட்ட வேலைக்கு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போன கூலிகள் ஆற்றின் மேல்பகுதிக்குத் தங்க மணல் அலசக் கொண்டுபோகப்பட்டார்கள். இடுப்பளவு நீரில் நாள் முழுதும் நிற்கும் வேலை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் பார்க்க ஆள் கிடையாது. கயென் நகரத்திலிருந்து அந்த இடங்களுக்குப் படகில் போய்ச் சேரவே பல நாள் ஆகும்.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான். 1861 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரிட்டிஷ் இந்தியாவில் பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஆள் எடுக்க அது வழிசெய்தது. படித்துப் பார்த்தால் அந்தக் காலத்துக்கு நல்ல உடன்படிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. முடிந்ததும் திரும்பிவர இலவசப் பயணம். கப்பலேறும் துறையில் ஒரு பிரிட்டிஷ் முகவர் இருந்து, போகிறவர் தன் விருப்பத்தோடு போகிறாரா, ஒப்பந்தம் அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலனியிலும் பிரிட்டிஷ் பிரதிநிதி கவனித்துக்கொள்ள வேண்டும். ஆக, புதுச்சேரியில் ஒரு கண், கயெனில் ஒரு கண். இரண்டு கண்ணுக்கும் எட்டாத காட்டுக்குள் இருந்தது தங்கம். தோட்டத்துக்கு எடுத்த ஆட்களைத் தங்க வயல்களில் போடுகிறார்கள், கூட்டங்கூட்டமாகச் சாகிறார்கள் என்ற புகார்கள் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டன, பதில்களும் எழுதப்பட்டன. கடைசியில் 1876-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த முடிவெடுத்தது. கடைசிக் கப்பல்களும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வழி அடைபட்டது. அதற்குள் இருபது ஆண்டு ஓடிவிட்டது.

இதை ஊழல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஊழல் என்றால் மேசைக்கு அடியில் கைமாறும் கவர் என்று பழகிவிட்டோம். இந்தக் கதையில் ஒரு கவர்கூட இல்லாமல் இருந்திருக்கலாம். மேஸ்திரிக்குத் தலைக்கு இவ்வளவு, ஆள் அனுப்பும் சங்கத்துக்குத் தலைக்கு இவ்வளவு, கப்பல்காரருக்குத் தலைக்கு இவ்வளவு, நிறுவனத்துக்கு ஆளும் நிலமும், காலனி நிர்வாகத்துக்கு ஏற்றுமதிக் கணக்கு. அந்தச் சங்கிலியில் ஒருவருக்கும் ஆள் உயிரோடு திரும்பிவந்தால் காசு இல்லை. யாருடைய வருமானமும் உண்மையைச் சொல்வதில் இல்லாதபடி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், அதில் யாரும் தனியாகத் திருட வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத் தொழிலின் நிர்வாகம் என்று எந்த நாட்டில் எதைப் படித்தாலும் இந்த ஏற்பாடுதான் கண்ணில் படுகிறது. கண்காணிப்பு எல்லாம் கீழே, உழைக்கிறவர் உடம்பின் மேல். மேலே போகப்போகக் காகிதம் மட்டும்.

காகிதத்தாலேயே தங்கம் தோண்டிய கதை தமிழ்நாட்டுக்குள் ஒன்று இருக்கிறது. நீலகிரியில் கூடலூரைத் தாண்டினால் தேவாலா, பந்தலூர். அங்கே குறும்பரும் பணியரும் ஓடை மணலை அலசிச் சொற்பத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்தது. மறு ஆண்டு அவர் அறிக்கை வெளிவந்தது. நல்ல பாறைத் துண்டுகளில் செய்த சோதனைகளின் கணக்கு அதில் இருந்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன, காகிதத்தில் அவற்றின் மூலதனம் நாற்பது இலட்சம் பவுனைத் தொட்டது. விலைபோகாத காப்பித் தோட்டங்களைத் தங்க வயல் என்று சொல்லித் தோட்டக்காரர்கள் கம்பெனிகளுக்கு விற்றார்கள். கம்பெனி தொடங்கியவர்கள் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். பந்தலூரில் குதிரைப் பந்தயம்கூட நடந்தது என்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுக்குள் எல்லாம் சரிந்தது. கொண்டுவந்த எந்திரங்கள் காட்டில் கிடந்து துருப்பிடித்தன. அந்த மலைகளில் இன்றும் ஏழைகள் திருட்டுத்தனமாகக் குழி தோண்டுகிறார்கள், மண் சரிந்து சிலர் சாகிறார்கள், மற்றவர்களைப் பிடித்து வழக்குப் போடுகிறார்கள். லண்டன் கம்பெனிக்காரர்கள் மேல் பேசும்படியாக எந்த வழக்கும் நடக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே கோலார் எனக்கு விளங்கத் தொடங்கியது.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், தென்னார்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தலித்துகள். லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870-களில் மைசூர் அரசிடமிருந்து தோண்டும் உரிமம் வாங்கினார், பிறகு அது கைமாறியது. 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. தேவாலாவில் பொய்த்தது இங்கே பொய்க்கவில்லை. சாம்பியன் ரீஃப், மைசூர், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் கீழே கீழே போயின. சாம்பியன் ரீஃப் ஷாஃப்ட் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1902-இல் காவேரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்து வந்தது இந்தச் சுரங்கத்துக்காக. பெங்களூர்த் தெருக்களுக்கு அதற்குப் பிறகுதான் விளக்கு வந்தது, தொழிலாளர்களின் தட்டி வீடுகளுக்கு அதற்கும் வெகுகாலம் கழித்து. ஏறக்குறைய 120 ஆண்டில் 800 டன் தங்கம் மேலே வந்ததாகக் கணக்கு.

அந்தக் கணக்கு ஒவ்வொரு ஷிஃப்ட்டின் முடிவிலும் தொழிலாளியின் உடம்பில் சரிபார்க்கப்பட்டது. கேஜில் ஏறி மேலே வந்ததும் மடியை அவிழ்க்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், தலைமுடியைக் கோதிக் காட்ட வேண்டும். 1890-களின் இறுதியில் மைசூர் அரசு கொண்டுவந்த சுரங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரிடம் தங்கக் கல்லோ கசடோ இருந்தால், அது நேர்வழியில் வந்தது என்று அவரேதான் மெய்ப்பிக்க வேண்டும். வழக்கமான குற்றச் சட்டத்தில் குற்றம் சாட்டுகிறவர் சுமக்க வேண்டிய பாரம், இங்கே கூலிக்காரர் தலையில். 1930-இல் கம்பெனி எல்லோருடைய விரல்ரேகையையும் பதிந்து ஏடு வைக்கப்போகிறது என்றதும் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காக எழாத அளவு கோபம் விரல்ரேகைக்காக எழுந்தது பற்றிப் பின்னால் எழுதியவர்கள் வியந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு இல்லை. ஊரில் சாதியின் பேரால் உடம்பைத் தள்ளி வைத்தவர்களிடமிருந்து தப்பித்து வந்தவர்கள் அவர்கள். அயோத்திதாசரின் பௌத்தச் சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் எழுந்ததும், அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் பின்னாளில் அங்கிருந்து மறுபடியும் வெளிவந்ததும் தற்செயல் இல்லை. தங்கள் உடம்பைத் திருடனின் உடம்பாகப் பதிந்துவைப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

சுரங்கத்தில் திருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. கல்லைத் துண்டாக்கிக் கொண்டுவந்தார்கள், ஊருக்குள் உருக்கினார்கள், வாங்கும் வியாபாரிகளும் இருந்தார்கள். திருட்டுத் தங்கத்துக்கென்று ஒரு சந்தையே இருந்தது. ஆனால் தங்கத்தைக் காக்க எவ்வளவு செலவிட்டார்களோ அதில் ஒரு பங்கு நுரையீரலைக் காக்கச் செலவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். சிலிகா தூசு நுரையீரலைக் கல்லாக்குகிறது என்பது கம்பெனிக்கும் அரசுக்கும் தெரிந்து பல ஆண்டு கழித்துத்தான் அது நஷ்டஈடு தர வேண்டிய நோயாக ஏற்கப்பட்டது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். உள்ளே இருந்தவர்கள் அதில் நசுங்குவார்கள். ஊர் முழுக்க நிலம் அதிரும். வீட்டில் இருக்கும் பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இதைத் தங்கவயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 1956 நவம்பரில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசிடம் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. அது நம்முடைய நிறுவனம், நம்முடைய அரசு. இந்த ஆண்டுகளில் பல காலம், கோலாரில் எடுத்த தங்கத்தை அரசு எடுத்துக்கொண்டது சந்தை விலையில் அல்ல, பன்னாட்டு நிதியத்தின் அதிகாரபூர்வ விலையில். ஓர் அவுன்ஸுக்கு 35 டாலர் என்று உலகம் கட்டிவைத்த விலை அது. 1966 பணமதிப்புக் குறைப்புக்கு முந்தைய கணக்கில் 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. அதே நாட்களில் பம்பாயிலும் சென்னையிலும் அதே 10 கிராம் நூறு ரூபாயைத் தாண்டி விற்றது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாத நாட்டுக்கு அந்தத் தங்கம் தேவைப்பட்டது உண்மை. தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டதும் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பாதி விலைக்கு எடுத்துக்கொண்ட மீதிப் பாதியை எந்த ஏட்டிலும் சுரங்கத்தின் பங்களிப்பு என்று வரவு வைக்கவில்லை. அது நஷ்டமாகவே எழுதப்பட்டது. பிறகு அந்த நஷ்டத்தைக் காட்டித்தான் இந்தச் சுரங்கம் நாட்டுக்குச் சுமை என்று ஆண்டுக்காண்டு சொன்னார்கள். சந்தை விலை கிடைத்த பின்னாளிலும் பழைய நஷ்டத்தின் நிழல் அந்த நிறுவனத்தை விட்டுப் போகவில்லை. புது எந்திரத்துக்கும் புது ஆய்வுக்கும் பணம் கேட்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நின்றது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடத்தில் கடைசிக் காலத்தில் நான்கு கிராம்கூடத் தேறவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே சுடும். குளிர்காற்றை உள்ளே செலுத்தி, தண்ணீரை வெளியே இறைத்து, கல்லை மேலே தூக்குவதற்குள் செலவு எகிறிவிடும். சுரங்கம் என்றைக்காவது மூடத்தான் வேண்டும். எந்தச் சுரங்கமும் நிரந்தரம் இல்லை. கேள்வி எப்படி மூடினார்கள் என்பதில் இருக்கிறது. மூடும் நாள் வரும் என்று நூறு ஆண்டாகத் தெரிந்திருந்தும் அந்த நாளுக்கென்று ஒரு ரூபாய் ஒதுக்காமல் இருந்ததில் இருக்கிறது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றோடு வேலை இழந்தார்கள். நிலத்தடியில் இருந்த பம்புகள் நின்றதும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. தீர்வுத் தொகை, பாக்கி, குடியிருந்த வீட்டின் உரிமை என்று வழக்குகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறின. 2013-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களுக்கு உலகளாவிய டெண்டர் விட மத்திய அரசுக்கு அனுமதி தந்தது. அதற்குப் பிறகும் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலைப் பார்த்தால் தெரியும். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் நின்றுகொண்டே போய், இரவு நின்றுகொண்டே வருகிறார்கள்.

தங்கவயலில் லைன் வீடு ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். முப்பது ஆண்டுக்கு மேல் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மடிச் சோதனை பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் பழகிடும் தம்பி, குளிக்கிற மாதிரி தினமும் நடக்கிறது" என்றார். அவருக்கு ஆறாதது வேறு. மூடிய பிறகு வந்த தொகையின் கணக்கை அவர் கேட்டிருக்கிறார். எந்த ஆண்டுக்கு எவ்வளவு, எது பிடித்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "கொடுத்ததை வாங்கிக்கினு போன்னாங்க. காசு கொறஞ்சதுகூட பரவால்ல தம்பி. எனக்கு எழுதிக் காட்டணும்னு அவங்களுக்குத் தோணல பாரு." எழுதிக் காட்டாத அலுவலகத்தின் பெயரை அவர் சொன்னார். அது இங்கே தேவையில்லை. இப்படிப்பட்ட அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன.

எல்லா நாட்டிலும் என்று சொல்லும்போது ஆப்பிரிக்காவைத்தான் முதலில் நினைக்கிறேன். சுவிஸ்எய்ட் என்ற சுவிட்சர்லாந்துத் தொண்டு நிறுவனம் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 435 டன் தங்கம் ஆப்பிரிக்காவிலிருந்து கணக்கில் காட்டப்படாமல் வெளியேறியதாக அதன் மதிப்பீடு. கோலார் 120 ஆண்டில் தந்ததில் பாதிக்கும் மேல், ஒரே ஆண்டில். அதில் மிகப் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு. அங்கே உருக்கிக் கட்டியானதும் அது துபாய்த் தங்கம் ஆகிவிடுகிறது. மாலியிலோ சூடானிலோ எந்தப் பள்ளத்தில் யார் தோண்டினார்கள், எந்த ஆயுதக் குழுவுக்கு வரி கட்டினார்கள் என்பதெல்லாம் உலையில் கரைந்துவிடும். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 700 டன் அளவில் இறக்குமதி செய்யும் நாடு. அமீரகத்திலிருந்து வரும் தங்கத்துக்கு 2022 முதல் ஒரு வரம்பு வரை சுங்கச் சலுகையும் உண்டு. அந்தத் தங்கமும் இந்தத் தங்கமும் எங்கே சந்திக்கின்றன என்று சொல்ல எந்த ஏடும் இல்லை.

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு நகைக்கடையில் தாலிக்கொடி வாங்கினால் அதில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கைபேசியில் அந்த அடையாளத்தைப் போட்டால் எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், எத்தனை சுத்தம் என்று காட்டும். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு, எங்கள் வீட்டிலும் பயன்பட்டிருக்கிறது. ஒரு பவுன் சங்கிலியின் கொக்கி வரை அரசால் பின்தொடர முடிகிறது என்பதற்கு அது சாட்சி. அப்படியானால் அந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதைப் பின்தொடர முடியாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. அதைக் கேட்பவர் இல்லை, அவ்வளவுதான். எண்ணெய், எரிவாயு, கனிமம் எடுக்கும் கம்பெனிகள் அரசுக்கு என்ன கட்டின, அரசு என்ன பெற்றுக்கொண்டது என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடும் ஒரு பன்னாட்டு ஏற்பாடு இருபது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. கானா சேர்ந்திருக்கிறது, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இந்தியா சேரவில்லை. சேர்ந்த நாடுகளில் ஊழல் ஒழிந்துவிடவில்லை. கானாவில் ஆறுகள் இன்றும் திருட்டுச் சுரங்கங்களால் சேறாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு பத்திரிகையாளர் இரண்டு எண்களை எடுத்து வைத்து ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்க முடிகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பிடி வேண்டும், அந்தப் பிடி ஏட்டில் இருக்கிறது.

கயானாவுக்கும் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். அது இன்றும் பிரான்சின் பகுதி. அங்கே செல்லும் பணம் யூரோ, சட்டம் பாரிஸ் சட்டம். தங்கம் எடுப்பதில் பாதரசம் பயன்படுத்துவது 2006 முதல் அங்கே தடை. 2008 முதல் ராணுவமும் போலீசும் சேர்ந்து காட்டுக்குள் சோதனை நடத்துகின்றன. இருந்தும் பிரேசிலிலிருந்து எல்லை தாண்டி வரும் ஆயிரக்கணக்கான ஏழைகள் பாதரசத்தோடு ஆற்றைக் கலக்கித் தங்கம் எடுக்கிறார்கள். மேல்பகுதி ஆற்றங்கரையில் மீன் தின்று வாழும் வயானா பழங்குடி மக்களின் உடம்பில் பாதரசம் ஏறிக்கிடக்கிறது. பணக்கார நாடு, வலிமையான சட்டம், ஹெலிகாப்டர், எல்லாம் இருந்தும் அப்படி. காட்டில் பிடிபடுகிறவன் பம்பும் படகும் எரிக்கப்பட்டு ஓடுகிறான். அவனுக்குப் பாதரசமும் டீசலும் கடனில் கொடுத்து, எல்லைக்கு அப்பால் தங்கத்தை எடை போட்டு வாங்குகிற கடைக்காரர் அங்கேயே இருக்கிறார். ஏழை நாடுகளில்தான் ஊழல், நிர்வாகம் தெரியாத நாடுகளில்தான் இந்தச் சீரழிவு என்று சொல்கிறவர்கள் அப்ருவாக் ஆற்றின் நூற்றெழுபது ஆண்டைப் பார்க்கட்டும்.

கோலாரில் இப்போது ஒரு புதுத் திருப்பம். சுரங்கம் மூடி ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அங்கே போகிறவர்கள் முதலில் பார்ப்பது சயனைடு மேடுகளைத்தான். கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு, நூறு ஆண்டில் மலைமலையாக நிற்கிறது. 13 மேடுகள், 1,000 ஏக்கருக்குச் சற்று அதிகம், மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் வெள்ளைத் தூள் வீடுகளுக்குள் வந்து சோற்றுப் பானையில் படியும். மழைக் காலத்தில் ஓடைக்கு இறங்கும். அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருக்கிறது. தங்கம் இன்று விற்கும் விலைக்கு அதைத் திரும்ப அலசினால் கட்டும். 2024-இல் கர்நாடக அமைச்சரவை மேடுகளை மறுபடி அலச ஒப்புதல் தந்தது.

நான் அதை எதிர்க்கவில்லை. மேடுகள் போனால் தூசு போகும், வேலையும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் இதில் பழைய ஏற்பாடு மறுபடி வந்து உட்காரும் எல்லா அறிகுறியும் தெரிகிறது. ஒப்பந்தக்காரர் யார், அரசுக்கு என்ன பங்கு, தண்ணீர் எங்கிருந்து, அலசிய பிறகு மிஞ்சும் சயனைடு சேற்றை எங்கே கொட்டுவது, எல்லாம் டெல்லிக்கும் பெங்களூருக்கும் இடையே கோப்பில் நடக்கும். மாரிக்குப்பத்துக்காரருக்கு வேலி வரும், வாட்ச்மேன் வருவார், வாசலில் மறுபடியும் மடிச் சோதனை வரும். 2015-இல் திருத்திய சுரங்கச் சட்டத்தின்படி சுரங்கத் தொழில் பாதிக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்க வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் ராயல்டியின் மேல் ஒரு பங்கு அதில் சேர வேண்டும். 2001-இல் மூடப்பட்ட சுரங்கத்துக்கு இந்தச் சட்டம் காலங்கடந்து வந்தது. மேடுகளுக்காவது அது பொருந்த வேண்டும். சிலிகாவில் நுரையீரல் போனவரும் அவர் மனைவியும்தான் அதன் முதல் பயனாளி என்று எழுதப்பட வேண்டும். லைன் வீடுகளின் பட்டா, அலசத் தொடங்குவதற்கு முன்பே அங்கே குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். பின்னால் வரும் என்ற வாக்குறுதியை அந்த மக்கள் 2001-லேயே ஒரு முறை கேட்டுவிட்டார்கள்.

மேடுகள் எந்த நிறுவனத்தின் கைக்குப் போனாலும் சரி, மாதம் எத்தனை டன் மண் அலசப்பட்டது, எத்தனை கிராம் தங்கம் வந்தது, என்ன விலைக்கு யாரிடம் போனது, அதில் தங்கவயலுக்கு எவ்வளவு என்ற நான்கு எண்களையும் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தின் சுவரில், தமிழிலும் கன்னடத்திலும், மாதம் தவறாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாத மாதம் எந்திரம் ஓடக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.